கரடியாரின் பயறுப் பானை

ஒரு காட்டில் கோடை வந்து இலை தழை எல்லாம் கருகிப்போயிருந்தன. பச்சை என்று பார்க்கக் கிளியின் இறக்கை மட்டும்தான் மிச்சம். குட்டிகள் நோஞ்சானாகி, எழுந்து நிற்கவே தள்ளாடின. விலங்குகளிடம் ஆளுக்குக் கொஞ்சம் பச்சைப்பயறுதான் இருந்தது.

"பயறை முளைகட்டிக் கொடுப்போம். குட்டிகளுக்குத் தெம்பு வரும்" என்றது வெடுக்கி. அது ஒரு முயல். வெடுக்கென்று பேசுவதால் அந்தப் பெயர்.

"அந்த வேலையை என்னிடம் விடுங்கள்!" என்று முன்னால் வந்து நின்றது கரடி.

அதற்கு முளைகட்டத் தெரியுமா என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. உடம்பு பெரிதாக இருந்தது, அது போதாதா? எல்லாரும் தங்கள் பயறைக் கொண்டுபோய் அதன் பானையில் கொட்டினார்கள். வெடுக்கி மட்டும் தன் பங்கைத் தானே ஊறப்போட்டது.

மறுநாள் வெடுக்கி கரடியின் பானையை எட்டிப் பார்த்தது.

"கரடியாரே, பயறு ஊறிவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டு, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள்."

"வடிப்பதா? தண்ணீர் குடித்தால்தானே வளரும்! இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறேன், பார்!"

"மூச்சு முட்டி அழுகிப்போகும்."

"பயறுக்கு மூக்கு எங்கே இருக்கிறதாம்?"

பக்கத்தில் நின்ற நரி விழுந்து விழுந்து சிரித்தது. மயிலும் சிரித்தது, எதற்கென்று அதற்கே தெரியாது.

சில நாள் கழித்து எல்லாரையும் கூட்டிவைத்துக் கரடி பானையைத் திறந்தது. குப்பென்று ஒரு நாற்றம்! உள்ளே நுரையும் கொழகொழப்பும்தான். கரடிக்கே குமட்டியது. ஆனால் ஒப்புக்கொள்ளுமா?

"இதுதான் சத்தின் மணம்!" என்றது.

"ஆஹா! கமகமவென்று இருக்கிறது!" என்றது நரி.

"நான் சொல்ல வந்ததும் அதேதான்" என்றது மயில்.

"அம்மா, நாறுதே!" என்றது மான்குட்டி.

"உஷ்! கரடியார் காதில் விழப்போகிறது!" என்று தாய்மான் அதன் வாயைப் பொத்தியது. பிள்ளை பட்டினி, தாய்க்கோ கரடியின் மனம் கோணக்கூடாதே என்ற கவலை. வெட்கக்கேடு!

வெடுக்கி தன் துணிமூட்டையை அவிழ்த்தது. பயறெல்லாம் வெள்ளை வெளேரென்று முளைவிட்டிருந்தன. குட்டிகளை மட்டும் கூப்பிட்டு ஊட்டியது. ஆளுக்கு ஒரு வாய்தான் வந்தது. குட்டிகள் இன்னும் வேண்டும் என்று அழுதன.

"வெடுக்கி, என் குட்டிக்கு இன்னும் ஒரே ஒரு வாய் கொடேன்" என்று கெஞ்சியது தாய்மான்.

"என்னிடம் இருந்தது அவ்வளவுதான், அக்கா. உன் பிள்ளையின் பங்கு அந்தப் பானையில் கிடக்கிறது. நாறுகிறது என்று சொன்ன வாயைத்தானே பொத்தினாய்? இப்போது அதே வாய் அழுகிறது. பதில் சொல்!"



நீதி: பெரிய ஆள் என்று பயந்து தப்புக்குத் தலையாட்டினால், நம் பிள்ளைகளின் வயிறுதான் காயும்.