நாலு மைப்புள்ளி

செண்பகராமனுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஒன்பது பேர் காத்திருக்கும் பிசியோதெரபி அறையில் பரோட்டா மாஸ்டர் யாகூப் அவர் மானத்தை வாங்கிவிட்டார்.

"பன்னிரண்டு நாளா டார்ச் அடிக்கிறீங்க சார். இதைக் கோழிக்கூட்டுல அடிச்சிருந்தா முட்டையாவது பொரிஞ்சிருக்கும்."

யாகூபுக்கு வலது முழங்கையில் வலி. மாவை வீசினால் கை கழன்று விழும் போலிருந்தது. திங்கட்கிழமை பரோட்டாக் கல்லின் முன் நிற்காவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். அன்று சனி.

உதவியாளர் செண்பகராமனுக்கு லேசர் சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தவர் பிசியோதெரபிஸ்ட் பிலோமினா. அவரைவிடப் பதினாறு வயது இளையவர். செண்பகராமன் நேரே அவரிடம் போய்ப் பொரிந்து தள்ளினார். நாலு புள்ளி, புள்ளிக்கு முப்பது விநாடி, ஒரு நாளும் பிசகவில்லை. முதல் நாள் மேடமே விரலால் அழுத்திப் பார்த்து மையால் குறித்த அதே நாலு புள்ளி. குளித்தால் அழிந்துபோகும் என்று தினமும் அதன்மேலேயே மை தொட்டு வைத்திருக்கிறார், மயிரிழை விலகாமல்.

"இத்தனைக்குப் பிறகும் வலி போகலைன்னா என் தப்பு எங்க மேடம்?"

பிலோமினாவின் முகம் கடுத்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து எடுத்துவந்து, யாகூபின் முழங்கையிலிருந்த நாலு புள்ளிகளையும் அழுத்தித் துடைத்தார். மூவரும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள்.

"இப்ப வைங்கண்ணே."

லேசர் முனையைப் பிடித்த செண்பகராமனின் கை அந்தரத்தில் நின்றது. கீழே வெறும் தோல். இங்கேயா, அங்கேயா?

யாகூப் பொறுமையிழந்து அவருடைய மற்றொரு கையின் கட்டைவிரலைப் பிடித்து, பழைய இடத்திலிருந்து மூன்று விரற்கடை கீழே வைத்து அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எட்டு நாளா வலி இங்கதான் சார் இருக்கு."

"சொல்லியிருக்கலாமே பாய்."

"தினமும் சொன்னேன். நீங்க இருபத்தொண்ணு, இருபத்திரெண்டுன்னு எண்ணிக்கிட்டிருந்தீங்க."

செண்பகராமன் பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒரு விநாடிகூடக் குறைக்கலை மேடம்."

"குறைக்கலைண்ணே," என்றார் பிலோமினா. "மைக்கு இந்நேரம் வலி போயிருக்கும்."