சகலைக்குப் போட்ட விளக்கு

சகலை தாமோதரன் தம் காரில் நீல எல்இடி விளக்குகள் மாட்டிய நாளிலிருந்து ஆலை முதலாளி நல்லசிவத்துக்குச் சோறு இறங்கவில்லை. தம் காரை நேரே பவளக்கொடியின் பட்டறைக்கு விட்டார். வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் அந்தப் பட்டறை நின்றது நல்லசிவத்தின் இடத்தில்.

"என் காருக்கும் அதே மாதிரி விளக்கு மாட்டு. நாளைக்கு மச்சினன் கல்யாண வரவேற்பு. நான் பந்தியில இருக்கும்போதும் மண்டப வாசல்ல என் விளக்கு எரியணும். சகலை பார்த்துப் பார்த்துப் புழுங்கணும்."

"சாவி போட்டாத்தான் எரியும் அய்யா. பேட்டரியில நேராக் கொடுத்தா பேட்டரி இறங்கிடும்."

"சாவி என் பையிலதான் இருக்கும். விளக்கும் எரியணும், பேட்டரியும் இறங்கக் கூடாது. முடியலைன்னா பட்டறையைக் காலி பண்ணு."

"ஆகட்டும். மாற்றுச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

எதற்கென்று கேட்கும் நிதானம் பொறாமைக்கு ஏது? கொடுத்தார்.

மறுநாள் பந்தியில் சகலையைக் காணவில்லை. வாசலில் நின்று வெந்துகொண்டிருக்கிறார் என்று மகிழ்ந்து, நல்லசிவம் இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்தார்.

வெளியே வந்தால் அவர் காரில் விளக்குகள் ஜொலித்தன, எஞ்சின் ஓடியது, ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துப் போட்டு, ஏசி காற்றில் தாமோதரன் கிடந்தார். சுற்றிலும் உறவினர்கள்.

"இவரை யாரு உள்ளே விட்டது?"

"நான்தான் அய்யா," என்றாள் காருக்குப் பக்கத்தில் நின்ற பவளக்கொடி. "உங்க சாவி உங்க பையில இருக்கு. எஞ்சின் ஓடுறதால பேட்டரி இறங்காது. ஓடுற வண்டியை ஆளில்லாம விடலாமா? அதான் உங்க சகலையை மாற்றுச் சாவியோட உட்கார வச்சேன். இந்த விளக்கே அவருக்காகப் போட்டதுதானே?"

கூட்டம் சிரித்தது. அத்தனை பேர் முன்னால் பட்டறையைக் காலி பண்ணச் சொல்ல நல்லசிவத்துக்கு வாய் வரவில்லை.

"விளக்கைப் பார்த்தீங்களா சகலை?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எந்த விளக்கு?" என்றார் தாமோதரன். "உள்ளே உட்கார்ந்தா ஒண்ணும் தெரியலையே. ஏசி மட்டும் அருமை."