இரண்டு என்ஜின் வல்லூறு

சிங்காநல்லூரில் பல் செட் கட்டுகிற ஜெமிலாவிடம் ராக்கியண்ணன் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தாறு. அவளுக்கு நாற்பத்தொன்று. அவர் பல் கட்டிக்கொள்ளப் போகவில்லை. போர் விமானம் கட்டப் போனார்.

வார நாட்களில் ஜெமிலா டாக்டர்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அதே மேசையில், அதே சின்ன அரத்தை வைத்துக்கொண்டு, குட்டி விமானங்கள் செய்வாள். நிஜத்தில் பறந்த விமானங்களைச் செய்ய ஊரில் ஆள் உண்டு. அவள் செய்ததெல்லாம் இந்த உலகத்தில் பிறக்காமலே போன விமானங்கள். நாடு வேறு முடிவு எடுத்திருந்தால், சண்டை வேறு மாதிரி முடிந்திருந்தால், வானத்தில் எது பறந்திருக்குமோ அது.

கற்க வருகிறவர்களுக்கு ஒரே கட்டுப்பாடுதான். இல்லாத விமானத்துக்கு ஒரு வரலாறு எழுதிக்கொண்டு வர வேண்டும். அவள் படிப்பாள், கேள்வி கேட்பாள். வரலாற்றில் ஓட்டை இருந்தால் இறக்கையில் எண் ஏறாது. விமானி அறையின் கண்ணாடி மூடிக்குக் கீழே அவன் பேரும் ஏறாது.

முதல் நாள் அவர் தரையில் உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "குருவே" என்றார்.

"பல்லுக் கட்டுறவளைப் போய்க் குருங்கறீங்களே. உங்க வாயில எத்தனை பல்லு மிச்சமுங்க?"

"இருபத்திரண்டு."

"அப்ப பத்துப் பல்லுக்கு மட்டும் நான் குரு. மேல உட்காருங்க."

அன்றிலிருந்து அவளை அம்மிணி என்றே கூப்பிட்டார்.

அவர் வந்த காரணம் பெரியது. ஒரே பையன் நவநீதன் விமானப் படையில் விமானி. பதினான்கு வருஷத்துக்கு முன்னால், வடக்கே ஒரு கோதுமை வயலுக்கு மேலே, அவன் ஓட்டிய விமானத்தின் ஒரே என்ஜின் நின்றுபோனது. கடவுள் எந்தப் பெற்றவளுக்கும் அப்படி ஒரு மதியத்தைக் காட்ட வேண்டாம். பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். அவன் அம்மா சுலோச்சனா திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ராக்கியண்ணனின் வாயில் ஒரே பேச்சு. இன்னொரு என்ஜின் இருந்திருந்தால்! கல்யாண வீட்டில் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வார், விபூதி கொடுக்கிற குருக்களிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு ஊருக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை.

அந்த இன்னொரு என்ஜினைத்தான் எட்டு மாதம் உட்கார்ந்து கட்டினார். கடையில் வாங்கிய இரண்டு பொம்மை விமானப் பெட்டிகளைப் பிரித்து, ஒன்றின் மூக்கையும் மற்றதன் முதுகையும் அறுத்து ஒட்டினார். இடைவெளியைப் பல் கட்டும் மாவால் அடைத்துத் தேய்த்தார். பம்புசெட்டுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த கை. பென்சில் முனையைப் பொடித்து, இரண்டு என்ஜின் வாயிலும் புகை படிந்தது போலத் தடவினார். பார்த்தால் இப்போதுதான் தரையிறங்கியது போல இருக்கும். வல்லூறு என்று பேர் வைத்தார்.

"கை நல்ல கைங்க," என்றாள் ஜெமிலா. "வரலாறு எங்கே?"

அடுத்த மாதம் நவநீதனின் திதி. அன்றைக்கு அவன் பேர் எழுதிய வல்லூறைப் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. சுலோச்சனா இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "எப்ப எடுத்துட்டு வருவீங்க?" என்று கேட்டிருந்தாள்.

அவர் தாளை நீட்டினார். எழுபதுகளில் நாடு துணிந்து இரண்டு என்ஜின் விமானம் கட்டியது என்று எழுதியிருந்தார். அந்த மதியம் ஒரு என்ஜின் நின்றது. இன்னொன்றை வைத்து நவநீதன் பத்திரமாக இறங்கினான்.

"மறுநாள்?" என்றாள் ஜெமிலா.

"மறுநாளும் பறந்தான்."

"பறவைக் கூட்டம் வந்துச்சுன்னா? ஒரு என்ஜினோட போதும்னு நிறுத்திக்குமாங்க பறவை?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு பறவைகளை விரட்டியாகிவிட்டது. எதிரி நாட்டோடு சமாதானமும் ஆகிவிட்டது. சண்டையே இல்லை.

ஜெமிலா வல்லூறை மெல்லத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள்.

"சமாதானம்னா இறக்கைக்கு அடியில இத்தனை குண்டு எதுக்குங்க? கொய்யாக்காயா அதெல்லாம்?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. போனார்.

மூன்றாவது ஞாயிறு சண்டை வந்தது, நாடு ஜெயித்தது.

"நம்ம பக்கம் ஒண்ணுகூட விழலை," என்றார்.

"அந்தப் பக்கம்?"

"பதினேழு."

"அந்தப் பதினேழும் ஒத்தை என்ஜினுங்களா?"

அவர் எழுந்து போனார். வாசலில் செருப்பைத் தேடுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

திதிக்கு நாலு நாள் இருந்தது. நாலாவது ஞாயிறு அவர் ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். வானிலை ஆபீஸ், ரன்வே, மெக்கானிக்கின் தூக்கம், பாராசூட்டின் தையல் என்று ஒன்றையும் விடவில்லை. ஜெமிலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்பது பக்கத்தையும் படித்தாள்.

"பாராசூட் விரிஞ்சு இறங்கற இடத்துல கிணறு இருந்தா?"

ராக்கியண்ணன் எழுந்துவிட்டார். இத்தனை நாள் குரு என்று காத்த மரியாதை போய்விட்டது.

"நீ எத்தனை தடவை என் பையனைக் கொல்லுவே? உனக்குப் பிள்ளை குட்டி இல்லையா? பொம்மைக்கு ஒரு பேரு எழுதறதுக்கு இத்தனை கேள்வியா? ஒரு புளுகு சொல்லி, அதை நம்பி, நானும் எங்க வீட்டுக்காரியும் ரெண்டு நாள் தூங்கறது உனக்குப் பொறுக்கலையா?"

"உட்காருங்க ஐயா."

"மாட்டேன்."

"சரீங்க, நின்னுக்கிட்டே பாருங்க."

பல் வேலைக்கு வைத்திருந்த இடுக்கியை எடுத்தாள். வல்லூறின் கண்ணாடி மூடியைத் திறந்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த கட்டைவிரல் நகமளவு விமானியை மெல்லக் கிள்ளி வெளியே எடுத்தாள். மேசையின் மேல் வைத்தாள்.

"இப்ப ரெண்டு என்ஜினும் நிக்கட்டும். என்னாகும்?"

"விழும்."

"இவருக்கு?"

அவர் அந்தக் குட்டி உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்த நிலையிலேயே செய்யப்பட்டதால் அது நிற்க முடியாமல் மேசையில் ஒருக்களித்துக் கிடந்தது.

"இவரை எதுக்குங்க ஏத்தி வெச்சீங்க?"

"அவன் பைலட்டு அம்மிணி."

"பைலட்டு ஆகறதுக்கு முன்னால?"

ராக்கியண்ணன் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சூலூர் விமானதளத்துப் பக்கமிருந்து நிஜமான விமானம் ஒன்று போனது. 

"மாட்டு டாக்டருக்குப் படிக்கறேன்னான்," என்றார். "எங்க எருமை கன்னு போட முடியாம கிடந்தப்ப, பதிமூணு வயசுல, ராத்திரியெல்லாம் அதும்பக்கத்துலயே படுத்திருந்தான். கிறுக்கன்."

"சீட்டுக் கிடைக்கலைங்களா?"

"கிடைச்சுது. நாமக்கல்லுல."

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"கடிதாசி வந்துச்சு. நான்தான் வாங்கினேன். எனக்கு இருபது வயசுல, கண்ணு பத்தலைன்னு விமானப் படையில திருப்பி அனுப்பிப்போட்டாங்க. அவனுக்குக் கண்ணு பருந்துக் கண்ணு. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு மாட்டு வாலைத் தூக்கிப் பார்க்கறதான்னு..." அவர் மேசையில் கிடந்த விமானியை நிமிர்த்தி வைக்கப் பார்த்தார். "கடிதாசியை வெந்நீர் அடுப்புல போட்டுட்டேன். சீட்டு வரலை கண்ணுன்னு சொன்னேன். மூணு நாள் சோறு திங்கலை. அப்புறம் நான் கொடுத்த விமானப் படை விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டான்."

"அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுங்களா?"

"தெரியாது."

"அம்மாவுக்கு?"

"சுலோச்சனா தினமும் விளக்கு வெச்சுப்போட்டு அந்த என்ஜினைத்தான் சபிக்கறா. அதைச் செஞ்சவன் விளங்க மாட்டான்னு. நானும் பக்கத்துல நின்னு ஆமாங்கறேன்."

சொல்லிவிட்டு, தன் குரலைத் தானே கேட்டவர் போல நிமிர்ந்தார். அவருடைய முகம் அந்தச் சில நிமிஷத்தில் எத்தனையோ வருஷம் முதிர்ந்துவிட்டது.

 ஜெமிலா அவருடைய ஒன்பது பக்கத்தையும் அடுக்கி ஓரமாக வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். பேனாவின் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தாள்.

"அந்தக் கடிதாசியில இருந்து ஆரம்பிங்க."

அவர் எழுதினார். கடிதம் வந்தது என்று எழுதினார். அடுத்த வரியில், அதை நவநீதன் கையில், என்று எழுதும்போது பேனா நின்றது. மேசை விளக்கின் வெளிச்சத்தில் வல்லூறு நின்றிருந்தது. எட்டு மாதத்து இறக்கை, எட்டு மாதத்துப் புகை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்படி எழுதினா," என்றார், "இந்த வல்லூறுக்கு வேலையே இல்லையே அம்மிணி."

"ஆமாங்க. வல்லூறு இருக்காது," என்றாள் ஜெமிலா. "பையன் இருப்பான்."