நாரை நடத்திய குறிப்போட்டி

கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் சண்டையில்லாமல் கலந்திருந்த காலத்திலே, ஓர் அலையாத்திக் காடு இருந்தது. அதன் கால்வாயில் வரிமீன்கள் வாழ்ந்தன. வாயால் நீரைப் பீய்ச்சி, இலைமேல் இருக்கும் பூச்சியை விழவைத்துத் தின்னும் மீன்கள் அவை.

ஒருநாள் அங்கே ஒரு நாரை வந்து ஒற்றைக்காலில் விறைப்பாக நின்றது. வடக்கு ஏரிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்றது. நீர்நாய்க் கூட்டம் இந்தப் பக்கம் புறப்பட்டுவிட்டது, நீங்கள் இன்னும் பூச்சி பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறீர்களே என்று கடிந்துகொண்டது. மீன்களுக்கு வெலவெலத்துப் போயிற்று. அன்றைக்கே பீச்சுப்படை உண்டாயிற்று.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நாரை நன்றாகவே கற்றுக்கொடுத்தது.

"பூச்சி தெரியிற இடத்துலே பூச்சி இருக்காது. தண்ணி பொய் சொல்லும். தள்ளி நின்னு பார்க்காதே, நேர் கீழே போய்ப் பாரு." இதுதான் முதல் பாடம். அப்புறம் செவுளை அசைக்காமல் நிற்க வேண்டும். உதட்டை மட்டும் நீருக்கு மேலே நீட்ட வேண்டும். தும்பி பறந்தால் அதற்குக் கொஞ்சம் முன்னாலே அடிக்க வேண்டும்.

பௌர்ணமிதோறும் போட்டி. கிளையில் தொங்கும் நண்டு ஓட்டை அடித்து வீழ்த்துகிறவருக்கு எல்லைக் காவல் வேலை. பரிசளிப்பு, கரையோரம் ஆழமில்லாத இடத்தில். அப்போது படை முழுவதும் தலையைச் சேற்றில் குத்தி, வாலைத் தூக்கி நிற்க வேண்டும். ஏரிப் படையின் சல்யூட் அப்படித்தானாம். தலையை எடுத்துப் பார்த்தால் வெற்றி பெற்ற மீன் இருக்காது. எல்லைக்கு அனுப்பியாயிற்று என்று சொல்லி, நாரை அலகை இறக்கையில் துடைத்துக்கொள்ளும். மீன்கள் வாலை ஆட்டி மகிழும்.

மினுக்கி என்ற குட்டிமீன் மட்டும் பயிற்சியில் கடைசி. நாரை கத்தும்போது அதன் இறக்கைக்கு அடியில் ஒரு பீச்சு பீச்சிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல வேரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். போன பௌர்ணமியில் அவள் அண்ணன் வரியப்பன் ஜெயித்தான். போகும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது. பக்கத்து வேருக்குப் போவதென்றாலும் அவளை ஒரு கேலி பண்ணாமல் போகாதவன் அவன்.

அண்ணன் எப்போது வருவான் என்று நாரையிடம் கேட்டாள்.

"எல்லைக்குப் போனவன் என்ன, ஈ பிடிக்கப் போனவனா, உடனே திரும்பி வர? வேணும்னா நீயும் ஜெயி. உன்னையும் நேரா அவன்கிட்டயே அனுப்பி வைக்கிறேன்."

அன்றிலிருந்து மினுக்கி விளையாட்டை விட்டாள். காற்றில் ஆடும் இலை, ஓடும் எறும்பு, பறக்கும் கொசு என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. அண்ணனைப் பார்த்தாக வேண்டும்.

போட்டியன்று காற்று பலமாக அடித்தது. நண்டு ஓடு ஊஞ்சலாடியது. மற்ற மீன்கள் ஓடு இருந்த இடத்தை அடித்தன. மினுக்கி நேர் கீழே போனாள். செவுளை அசைக்காமல் நின்றாள். ஓடு வரப்போகும் இடத்துக்கு ஒரு பீச்சு. ஓடு தண்ணீரில் விழுந்தது.

"படை, சல்யூட்!" என்றது நாரை.

எல்லாத் தலைகளும் சேற்றுக்குள் போயின. மினுக்கி கரையோரம் வந்தாள். பழகிய பழக்கம், அங்கேயும் நேர் கீழே போய்த்தான் நின்றாள். தள்ளி நின்று பார்த்தவரை, சுபேதாரின் அலகு பளபளவென்று சுத்தமாகத்தான் இருந்தது. இப்போது அடியிலிருந்து பார்த்தாள். தாடை ஓரத்தில் காய்ந்துபோன ஒரு கறுப்புச் செதில் ஒட்டியிருந்தது, அண்ணனின் வரிச் செதில் போலவே.

"ஏ புள்ள, தலையைக் குத்து" என்றது நாரை.

"குத்துறேன் ஐயா. ஒரே ஒரு சந்தேகம். எங்கண்ணன் எல்லையிலேதானே இருக்கான்?"

"ஆமா."

"அப்ப அவன் செதில் ஏன் உங்க தாடையிலே ஒட்டியிருக்கு?"

நாரை திடுக்கிட்டுத் தன் தாடையைப் பார்க்கக் கழுத்தை வளைத்தது. கண் சரியாக அவள் தலைக்கு மேலே வந்தது. மினுக்கி செவுளை அசைக்கவில்லை. உப்புநீர் போய்ச் சுளீரென்று கண்ணில் இறங்கியது.

நாரை போட்ட அலறலில் சேற்றிலிருந்து தலைகள் எழுந்தன. நடந்ததை மினுக்கி சொல்லி முடிக்கவில்லை, படை முழுவதும் குறிவைத்தது. தப்பவே இல்லை. அவ்வளவு நல்ல வாத்தியார்!

இரண்டு கண்ணும் எரிய, பறக்கத் திசை தெரியாமல் வேரில் முட்டியும் சேற்றில் வழுக்கியும் நாரை நடையைக் கட்டியது.

"சுபேதாரையா, எல்லைக்கா?" என்று மினுக்கி பின்னாலிருந்து கேட்டாள்.

நாரை திரும்பிப் பார்க்காமல் காட்டைத் தாண்டிப் போனது.

குறி பார்க்கக் கற்றுக்கொடுப்பவரே தலையைக் குனியச் சொன்னால், முதலில் அவரையே குறி பார்க்க வேண்டும்.