எட்டுத் துண்டுக் கயிறு

அல்லிராணி டீச்சரிடம் புள்ளியியல் படிக்க வந்தவர்களில் மூத்தவர் சூசைமிக்கேல். மீனவர் சங்கத்துப் பொறியாளர், டீச்சரைவிடப் பத்து வயது பெரியவர். ஆனாலும் வகுப்பில் முதல் வரிசையில்தான் உட்காருவார். எந்தக் கேள்விக்கும் டீச்சர் அவசரப்பட்டுப் பதில் சொன்னதில்லை. அதனாலேயே மிக்கேலுக்கு அவர்மேல் அப்படியொரு மதிப்பு.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக இருந்த சமயம். கடலில் விழுந்தவரை இழுத்தேற்றும் கயிறு சுருள் சுருளாகப் புதிதாக வந்து கிடங்கில் இறங்கியிருந்தது. அதைப் படகுகளுக்குக் கொடுக்கலாமா என்று மிக்கேல்தான் சொல்ல வேண்டும். சோதிப்பதென்றால் இழுத்து அறுக்க வேண்டும். அறுந்த கயிறு எதற்கும் ஆகாது. அதனால் எட்டுத் துண்டுகளை மட்டும் அறுத்துப் பார்த்துவிட்டு டீச்சரிடம் வந்தார்.

"எட்டுதான் இருக்கு டீச்சர். டி-பரவலை வச்சு நம்பிக்கை இடைவெளி போடலாமா?"

சிலவற்றை மட்டும் அளந்து, மொத்தத்தின் சராசரி இன்ன எல்லைக்குள் இருக்கும் என்று சொல்லும் கணக்கு அது. அளந்தவை குறைவென்றால் டி-பரவல் அந்த எல்லையைக் கொஞ்சம் தாராளமாகவே விரித்து வைக்கும். ஆனால் அளவுகள் நடுவே குவிந்து, எதுவும் வெகுதூரம் விலகாமல் இருந்தால்தான் அது செல்லும்.

டீச்சர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, சாக்பீஸை அவரிடம் நீட்டினார். ஒவ்வொரு துண்டும் எந்த எடையில் அறுந்ததோ அந்த இடத்தில் மிக்கேல் புள்ளி வைத்தார். நடுவே நெருங்கியும் ஓரங்களில் விலகியும் எட்டும் அழகாக அமைந்தன. தனியே ஓடிப்போன புள்ளி ஒன்றுகூட இல்லை. போடலாம் என்று டீச்சர் சொல்லிவிடுவார் என்றே அவர் நினைத்தார்.

"எங்கேயிருந்து வெட்டினீங்க அண்ணே?"

"கதவுப் பக்கத்துல இருந்த சுருள்ல."

"எட்டுத் துண்டும் அதுலேயேவா?"

"ஆமா, எட்டும் அதுலதான்."

"அப்போ எத்தனை சுருளைப் பார்த்தீங்க?"

ஒரே ஒரு சுருளைத்தான் பார்த்திருக்கிறோம் என்பது மிக்கேலுக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சர் கடிந்துகொள்ளவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, வாங்க போவோம் என்றார்.

கிடங்கில் சுருள்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றின் எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கச் சொன்னார் டீச்சர். வந்த எட்டு எண்களில் ஒன்று அடுக்கின் அடியில் கிடந்தது. அதற்குப் பதில் மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளலாமே என்றார் மிக்கேல். டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே இருந்த சுருளை இறக்க ஆரம்பித்தார். மிக்கேலும் போய் மறுபக்கம் பிடித்தார். இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. சுருளுக்கு ஒன்றாக மறுபடி எட்டுத் துண்டு வெட்டினார்கள்.

இழுத்துப் பார்த்தபோது ஆறு துண்டுகள் முன்பு போலவே தாங்கின. இரண்டு, தேவையான எடையில் பாதிகூடத் தாங்காமல் அறுந்துவிட்டன.

வகுப்புக்குத் திரும்பி, புதிய எட்டையும் மிக்கேல் பலகையில் புள்ளியாக வைத்தார். முதல் எட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால், இந்நேரம் அந்தக் கயிறு அவர் தம்பியின் படகில் இருந்திருக்கும். கிடங்கைவிட்டு ஒரு சுருளும் போகக்கூடாது என்று போனில் சொல்லிவிட்டு வந்தார்.

"இப்போ டி-பரவல் சரிவருமா டீச்சர்?"

"இவ்வளவு கொஞ்சமா வச்சுக்கிட்டு, இப்படி ரெண்டு தூரமா விழுந்து கிடந்தா, வராது."

சேதி கேட்டுக் கயிறு விற்றவர் சும்மா இருக்கவில்லை என்று மறுநாள் வந்து சொன்னார் மிக்கேல். இன்னும் நிறையச் சுருள்களை அறுத்துப் பாருங்கள், அப்போது எந்தக் கணக்கும் சரிவரும், சராசரி தேவையான எடைக்கு மேலேதான் நிற்கும் என்று வாதாடுகிறாராம்.

"அவர் சொல்றதும் தப்பில்லையே. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

பலகையில் அழிக்காமல் விட்டிருந்த புள்ளிகளில், இடப்பக்கம் தள்ளிக் கிடந்த இரண்டையும் டீச்சர் தொட்டுக் காட்டினார்.

"கடல்ல விழுந்தவன் சராசரியைப் பிடிச்சு ஏறி வர்றதில்ல அண்ணே. அவன் கைக்குக் கிடைக்கிறது ஒரு கயிறுதான்."