தலைப்பிள்ளையை ஒளித்த காக்கை

ஒரு காட்டில் அஞ்சனி என்றொரு காக்கை இருந்தது. முதல் முட்டை இட்ட கையோடு, இடிந்த கோயில் சுவரில் குடியிருந்த பல்லியிடம் பலன் கேட்கப் போனது. சும்மா இருந்திருக்கலாம். யார் கேட்டார்கள்!

பல்லி இரண்டு முறை உச்சுக்கொட்டியது. "உன் தலைப்பிள்ளை உன் அலகாலேயே சாகும்."

"சாமியா அப்படிச் சொல்கிறார்?"

"சாமி சொன்னதைச் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

அஞ்சனிக்குப் பாதி உயிர் போய்விட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு அல்லவா? 'என் கண்ணில் படாத இடத்தில் வளர்ந்தால் நான் எப்படிக் கொல்வேன்?' என்று யோசித்தது. முட்டையைக் கவ்விக்கொண்டு போய், குளத்துக்கு அக்கரையில் வாகை மரத்தில் இருந்த வேறொரு காக்கையின் கூட்டில் வைத்துவிட்டு வந்தது. அன்று முதல் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. விதியை ஏமாற்றிவிட்டதாக அதற்குக் கொஞ்சம் பெருமைகூட.

அடுத்த ஆண்டு அஞ்சனி வேறு குஞ்சுகள் பொரித்தது. ஒருநாள் பேய்மழை. நனைந்து நடுங்கியபடி ஓர் இளங்காக்கை கூட்டின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தது.

"அம்மா, மழை விடும்வரை இங்கே இருந்துகொள்ளட்டுமா?"

"திருட்டுப் பயலே, என் குஞ்சுகளைத் தின்னவா வந்தாய்? போடா!"

"இல்லையம்மா, சிறகு நனைந்துவிட்டது. பறக்க முடிய..."

சொல்லி முடிப்பதற்குள் அஞ்சனி அதன் கழுத்தில் கொத்தியது. ஒரே கொத்து. இளங்காக்கை கீழே சேற்றில் விழுந்து செத்தது.

மழை விட்டதும் அக்கரைக் காக்கை பிள்ளையைத் தேடி வந்தது. உடலைப் பார்த்ததும் அலறியது. "யாரோ என் கூட்டில் வைத்துவிட்டுப் போன முட்டையடா நீ! பெற்ற பிள்ளைக்கு மேலாக வளர்த்தேனே!"

அஞ்சனிக்குப் புரிந்துவிட்டது. நேரே கோயிலுக்குப் பறந்தது.

"நீ சொல்லாமல் இருந்திருந்தால் நானே அவனை வளர்த்திருப்பேன். குரலைக் கேட்டதுமே தெரிந்திருக்கும். கொத்தியிருக்க மாட்டேன்."

"ஆமாம்" என்றது பல்லி.

"இப்படி ஆகும் என்று சாமிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துமா உன்னைச் சொல்லச் சொன்னார்?"

பல்லி சுவர் இடுக்குக்குள் நுழைந்துகொண்டது. அஞ்சனி கூட்டுக்குத் திரும்பியது. பசியில் வாயைப் பிளந்து கத்திய குஞ்சுகளுக்கு, அந்த அலகால் இரை ஊட்ட அதற்குத் துணிவு வரவில்லை.

விதிக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போவதும் அதே விதிதான்.