கால் பட்டால் பழசு

கோவில்பட்டி பஜாரில் நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் முத்துப்பேச்சி, போலீஸ் தேர்வில் ஓடுவதற்கு ஷூ வாங்க சிங்காரவேலு அண்ணாச்சி கடைக்குப் போனாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. அங்கே காரில் வந்த அம்மா ஒருத்தி ஜோடி ஜோடியாகப் போட்டுப் பார்த்துக் கழற்றி எறிந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சியே குனிந்து லேஸ் கட்டிவிட்டார்.

முத்துப்பேச்சி ஒரு ஷூவுக்குள் காலை நுழைக்கப் போனாள்.

"ஏ பிள்ள, கீழ வையி! போட்டுப் பாக்கக் கூடாது. கால் பட்டா பழசு, பாதி விலைக்குத்தான் போகும். கண்ணால பாத்து வாங்கு, இல்லன்னா கெளம்பு!"

போட்டுப் பார்க்காமல் ஓடுகிற ஷூ வாங்குவதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தம்மா கழற்றி எறிந்ததில் தன் அளவு ஜோடியைத் தூக்கினாள்.

"சரி அண்ணாச்சி. இது அந்தம்மா கால் பட்ட பழசு. பாதி விலைக்கு எனக்குக் குடுங்க."

கடையே திரும்பிப் பார்த்தது.

"அவங்க... அவங்க வேற," என்று இழுத்தார் அண்ணாச்சி.

"எப்படி வேற? யார் கால் பட்டா பழசாகும், யார் கால் பட்டா ஆகாதுன்னு சத்தமாச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

அண்ணாச்சி பாதி விலைக்கு பில் போட்டார். முத்துப்பேச்சி காசைக் கொடுத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், ஷூவை மாட்டிக் காலை நீட்டினாள்.

"லேஸ், அண்ணாச்சி."